மரக்கறி அற்ற காலத்துக்கு அப்பளக் கறியும் வடகக் கறியும்

உழுந்தும் பயறும் அறுவடையாகி வீடு சேரும் காலத்தில் அவற்றின் விலை பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். எனினும் கடனுக்கும் கைச்செலவுக்குமாகக் கமக்காரர் மூடைகளை விற்றுவிடுகின்றனர். பின்னர் வரட்சி வந்து, தோட்டக் கிணறு வற்றி, கத்தரியும் வெண்டியும் பட்டுப்போன மாதங்களில், அதே பருப்பையும் மரக்கறியையும் கடையில் உயர்ந்த விலைக்கு வாங்க நேரிடுகின்றது. இத்தகைய இடருக்கு வட இந்தியாவின் வரண்ட பகுதிகளில் வாழும் குடியானவர்கள் நெடுங்காலமாகவே ஒரு வழி கண்டுள்ளனர். பருப்பை அரைத்து வெயிலில் உலர்த்தி அப்பளமாகவும் வடகமாகவும் சேமித்து, காய்கறி அகப்படாத நாள்களில் அதனையே கறியாக்கி உண்பதே அவ்வழியாகும்.

இராஜஸ்தானத்தின் மேற்கிலுள்ள பிக்கானேர்ப் பகுதியில் ஆண்டு மழை 300 மில்லிமீற்றருக்கும் குறைவு. வவுனியாவிற் பெய்யும் மழையோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். அம்மணல் நிலத்தில் 'மோத்' எனப்படும் ஒருவகைப் பயறு தரையோடு படர்ந்து, நிலத்து ஈரத்தைத் தன் இலைகளால் மறைத்துக்கொண்டு விளைகின்றது. மோத்துப் பயறு, பாசிப்பயறு, உழுந்து ஆகியவற்றின் மாவிலிருந்தே பெயர்பெற்ற பிக்கானேர் அப்பளம் செய்யப்படுகின்றது. மாவுடன் உப்பு, மிளகு, நற்சீரகம், பெருங்காயம் என்பன சேரும். பாலைநிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலிலிருந்து எடுக்கும் 'சஜ்ஜி' என்னும் காரமும் முற்காலந்தொட்டு இதிற் சேர்க்கப்பட்டு வந்தது. தமிழர் அப்பளக்காரம் என்பதும் இத்தன்மையதே. பிசைந்த மா இழுபடுவதற்கும், பொரிக்கும்போது அப்பளம் நன்றாக விரிவதற்கும் இக்காரம் உதவுகின்றது. உருட்டிய அப்பளத்தை வெயிலிற் சிறிது நேரம் வாட்டி, எஞ்சிய ஈரத்தை நிழலில் உலரவிடுவர். கடும் வெயிலில் நெடுநேரம் கிடந்தால் அது வளைந்து வெடித்துவிடும்.

இலங்கையில் அப்பளம் சோற்றுக்குத் துணையாக மாத்திரமே இலையில் இடம்பெறுகின்றது. இராஜஸ்தானத்திலோ அதுவே கறியாகவும் ஆகின்றது. அப்பளக் கறி செய்யும் முறை எளிது. நால்வருக்கு நான்கு அப்பளங்களும் ஒரு கோப்பைத் தயிரும் போதும். தயிரைச் சம அளவு நீருடன் கட்டியின்றிக் கடைந்து, மஞ்சள், மிளகாய்த் தூள், கொத்தமல்லித் தூள் என்பவற்றை அதிற் கரைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கரண்டி கடலை மாவும் சேர்த்தால் தயிர் திரிந்துபோகாது. தாச்சியில் நெய்யை அல்லது எண்ணெயைக் காயவைத்து, நற்சீரகமும் பெருங்காயமும் தாளித்து, தயிர்க் கரைசலை ஊற்றி, கொதி வரும்வரை சிறு நெருப்பிற் கைவிடாது கிளறுதல் வேண்டும். சுட்ட அல்லது பொரித்த அப்பளத்தை உள்ளங்கை அகலத் துண்டுகளாக உடைத்து இறுதியில் இட்டு, இரண்டொரு நிமிடத்தில் இறக்கிவிடலாம். அதற்குமேல் அடுப்பில் இருந்தால் துண்டுகள் கரைந்து கூழாகும். ஆதலின் உண்பவர் வந்து அமர்ந்த பின்னரே அப்பளத்தை இடுவது அங்குள்ள பெண்களின் வழக்கம். உப்பை முதலிற் போடுவது பெரும் பிழை. அப்பளத்திலே போதிய உப்பு இருப்பதால், சுவை பார்த்த பின்னரே தேவையாயின் சேர்க்க வேண்டும். குருதி அமுக்கம் உள்ளவர்கள் இக்கறியை அளவோடு உண்பதே நன்று.

அப்பளத்தினும் செய்வதற்கு எளிதானது 'மங்கோடி' என்னும் சிறு வடகம். பாசிப்பயற்றம் பருப்பை நான்கு ஐந்து மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, மேலும் நீர் விடாது கெட்டியாக அரைப்பர். அரைத்த மாவைக் கையால் நன்றாக அடித்தல் வேண்டும். ஒரு துளியை நீரில் இட்டால் அது மிதக்கும் பருவமே பதம். கயிற்றுக் கட்டிலில் விரித்த துணியின்மேல் சுண்டைக்காய் அளவாகக் கிள்ளிவைத்து, இரண்டு மூன்று நாள் காயவிடுவர். சமைக்கும்போது சிறிது நெய்யிற் சிவக்க வறுத்து, உருளைக்கிழங்குடனோ வெந்தயக் கீரையுடனோ தயிர்க் குழம்பிலோ வேகவைப்பர். வறுக்காமல் இட்டால் உருவும் சுவையும் கெடும். பர்யூஷண விரத நாள்களிற் பச்சை இலைகளையும் காய்களையும் விலக்கும் ஜைன சமயத்தவர் பலருக்கு இத்தகைய பருப்புக் கறிகளே துணை.

பஞ்சாபில், சிறப்பாக அமிர்தசரஸ் நகரில், 'வடி' எனப்படுவது அளவிற் பெரியது, காரமும் மிக்கது. உழுந்து மாவுடன் துருவிய நீற்றுப்பூசணியும், ஒன்றிரண்டாக இடித்த மிளகும் கொத்தமல்லியும் சேர்த்து, சிறிது புளிக்கவைத்து உலர்த்துவர். ஒரு வடியை உடைத்து உருளைக்கிழங்குக் குழம்பில் இட்டாலே சட்டி முழுவதும் மணக்கும். வங்காளத்துப் பெண்கள் பனிக்காலத்தில் உழுந்தையும் நீற்றுப்பூசணியையும் கொண்டு 'போரி' இடுவர். முதலில் இடும் இரண்டையும் கிழவன் கிழவி எனப் பெயரிட்டுக் குங்குமமும் அறுகும் நெல்லும் சாத்தும் வேடிக்கையான வழக்கமும் அங்குண்டு. மேதினிப்பூர்ப் பகுதியிற் கசகசா பரப்பிய தட்டின்மேல் மாவைப் பிழிந்து, அட்டிகை, தோடு போன்ற அணிகலன்களின் வடிவில் வடகம் இடுவர். அது சமையலா, சித்திர வேலையா என்று பார்ப்பவர் ஐயுறுவர்.

இத்தொழில் பணமும் தரவல்லது. 1959 ஆம் ஆண்டு பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபா கடனுடன் மொட்டை மாடி ஒன்றில் அப்பளம் உருட்டத் தொடங்கினர். 'லிஜ்ஜத்' என்னும் பெயரில் வளர்ந்த அக்கூட்டுத் தொழிலில் இன்று பல்லாயிரம் பெண்கள் உறுப்பினராயுள்ளனர். பிசைந்த மாவை நிலையத்திற் பெற்று, வீட்டில் உருட்டி உலர்த்தி ஒப்படைத்து, கூலியும் இலாபப் பங்கும் பெறுகின்றனர்.

யாழ்ப்பாணத்தாருக்கு வடகம் புதிதன்று. வேப்பம்பூவையும் வாழைப்பூவையும் உழுந்துடன் சேர்த்து உலர்த்திய வடகம் வீடுதோறும் உள்ளதே. ஆயினும் அது பொரித்துக் கடிப்பதற்கென்றே வைக்கப்படுகின்றது. அதனோடு மங்கோடி போன்ற தனிப்பருப்பு வடகத்தையும் இட்டுவைத்தால் சட்டியில் வேகும் கறியும் கிடைக்கும். தயிருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும் பழப்புளியும் சேர்த்தும் பார்க்கலாம். 100 கிராம் உழுந்தில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. சோற்றிற் குறைவுபடும் புரதக்கூறுகள் சிலவற்றைப் பருப்பு நிறைவு செய்கின்றது.

காலமும் இதற்கு வாய்ப்பாக அமைந்துள்ளது. பெரும்போகத்து உழுந்து தை, மாசியில் வீட்டுக்கு வந்ததும் வடக்கிற் கடும் வெயில் தொடங்குகின்றது. சிறுபோக நெல் அறுத்த வயலில் எஞ்சிய ஈரத்திற் பயறு விதைப்போருக்கு மாரிக்கு முன் சில நாளே வெயில் கிடைக்கும். அப்பயறு நைதரசனை வேர்முடிச்சிற் சேர்த்து அடுத்த நெல்லுக்கும் உதவுமாயினும், அதனை வடகமாக்க விரும்புவோர் விரைந்து செயற்படுதல் வேண்டும். விற்குமுன் ஒரு வீட்டுக்கு ஐந்தாறு கிலோகிராம் பருப்பை ஒதுக்கிவைப்பது யாவருக்கும் இயலக்கூடியதே.

அரைகுறையாகக் காய்ந்த வடகத்திற் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குவன. கழுவினாலும் வறுத்தாலும் அந்நஞ்சு முற்றாக நீங்காது. ஆகையாற் பூஞ்சணம் கண்ட வடகத்தை எறிந்துவிடுதல் வேண்டும். நன்றாக உலர்ந்த வடகம் உடைக்கும்போது நொருங்கென்று ஒலிக்கும், உட்புறம் ஈரமாயிராது. அதனை ஆறவைத்து, ஈரமற்ற தகரப் பேணியில் அல்லது போத்தலில் இட்டு இறுக மூடி, மாதம் ஒருமுறை சுளகிற் பரப்பி வெயில் காட்டி மீண்டும் வைக்கலாம்.