விலைச் செய்தி பெறும் மென்பொருள் நின்றுபோவதும் அதற்குப் பரிகாரமும்

விளைபொருளை எந்நாளில், எந்தச் சந்தையில் விற்பது என்பதைத் தீர்மானிப்பதற்கு அன்றைய விலை நிலவரம் இன்றியமையாதது. 2000-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அக்மார்க்நெட் என்னும் அமைப்பும், 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி தொடங்கப்பெற்ற இ-நாம் என்னும் மின்னணுச் சந்தையும் விற்பனைக்கூடங்களின் விலைகளை இணையத்தின் வழியே பரப்புகின்றன. அவ்விலைகள் தம் கணினியில் தாமே வந்து சேரும்படி உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மென்பொருள் அமைத்துக்கொள்ளக் கூடும். இணைப்பு ஏற்படும் தருணத்திலேயே அம்மென்பொருள் நின்றுபோகுமாயின், செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பது இங்கே கூறப்படுகிறது.

இக்கோளாறு சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நாஸ்டாக் சந்தையைச் சேர்ந்த பங்குகளின் விலைகளைப் பல சந்தைகளினின்றும் திரட்டி வெளியிடும் கணினி ஒன்று, 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி செயலிழந்தது. பகல் 12.14 மணிக்கு நின்ற வியாபாரம் 3.25 மணிக்கே மீண்டும் தொடங்கிற்று. ஆர்க்கா என்னும் மற்றொரு சந்தையின் கணினி இருபது தடவைக்குமேல் இணைவதும் அறுவதுமாக இருந்ததோடு, தவறான குறியீடுகளுடன் விலைகளை அனுப்பியதே அதற்குக் காரணமென நாஸ்டாக் அறிவித்தது. ஓர் இணைப்பு வாயிலில் வினாடிக்கு 10,000 செய்திகள் வரையில் ஏற்கத்தக்கதெனச் சோதிக்கப்பட்டிருந்த அமைப்பில் 26,000 வரையில் வந்து குவிந்தன. கொள்ளளவுக்கு மிஞ்சிய வெள்ளத்தில் மடை உடைவதுபோல் அது முடங்கியது. மென்பொருளில் மறைந்திருந்த ஒரு பிழையினால் மாற்று ஏற்பாடும் தக்க சமயத்தில் உதவவில்லை.

இதிலிருந்தும் பொது அனுபவத்திலிருந்தும் அறியத்தக்க முறைகள் பின்வருமாறு:

முதலாவது, இணைப்பு அறுந்தவுடன் இடைவிடாது மீண்டும் மீண்டும் இணைக்க முயலலாகாது. முதலில் 5 வினாடி, பின்னர் 10, அதன் பின்னர் 20 என இடைவெளியை இருமடங்காக்கிச் செல்லுதல் நலம்.

இரண்டாவது, மென்பொருள் எழுதி வைக்கும் நடப்புப் பதிவின் கடைசி வரிகளைப் படித்தல் வேண்டும். இணைப்புக்கு முன்னரே நின்றிருப்பின் இணைய வசதியையும், அனுமதிச் சாவி காலாவதியாகவில்லையா என்பதையும் பார்க்கவேண்டும். விலைகள் வரத் தொடங்கிய பின் நின்றிருப்பின் குற்றம் பெரும்பாலும் வந்த விவரத்தையோ அதைப் படிக்கும் முறையையோ சார்ந்ததாகும்.

மூன்றாவது, வந்த செய்தியை மாற்றாமல் ஒரு கோப்பில் சேமித்து, வரி வரியாகச் சோதித்தல் வேண்டும். விலை இருக்கவேண்டிய இடம் வெறுமையாயிருத்தல், எண்ணுக்குப் பதில் எழுத்து வருதல், 5-6 என்ற தேதி ஜூன் 5 என்றும் மே 6 என்றும் மயங்குதல் ஆகியவை பொதுவான காரணங்கள். பழுதான ஒரு வரியை ஒதுக்கி மற்றவற்றை ஏற்கும்படி மென்பொருளைத் திருத்தவேண்டும்.

நான்காவது, சிறிது நேரம் ஓடிய பின் நிற்குமாயின், வரும் வேகத்திற்கு ஈடுகொடுக்கமாட்டாமல் நினைவகம் நிரம்புகிறதா என்று பார்த்து, தேங்கும் செய்திகளுக்கு வரம்பு விதித்தல் வேண்டும்.

ஐந்தாவது, மாற்று ஏற்பாட்டை ஆபத்து வருமுன்னரே இயக்கிப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. மென்பொருள் விலை காட்டாதிருப்பது சிறு தீங்கு. நேற்றைய விலையை இன்றைய விலையெனக் காட்டுவதோ பெருந்தீங்கு. குவிண்டாலுக்கு 100 ரூபாய் குறைவான பழைய விலையை நம்பி 50 குவிண்டால் விற்பவர் 5,000 ரூபாய் இழப்பர். ஆதலின் ஒவ்வொரு விலையோடும் அது வந்த தேதியும் நேரமும் தோன்றுமாறு செய்தல் அவசியம். ஊர்ப் பலகையில் விலை எழுதுவோரும் அவற்றைச் சேர்த்தே எழுதுதல் வேண்டும். விலை பழையதெனத் தெரிந்தால், விற்பனைக்கூடத்தைத் தொலைபேசியில் விசாரித்தறிந்த பின்னரே மூட்டைகளை வண்டியில் ஏற்றுவது விவேகமாகும்.