வில்லங்கமற்ற நிலம்

1

ஓமலூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். சேலம் விமான நிலைய விரிவாக்கம் பற்றிய கூட்டம். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை, லீவில் ஊருக்கு வந்திருக்கிறான். "அண்ணா, நீங்க சொல்றதெல்லாம் சரிங்க. எங்கப்பாரு ஆடு மேய்ச்சவரு. நான் பிளேன்ல வந்து எறங்கறேன். அது உங்களுக்கு ஏன் உறுத்துது?" என்றான்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2018இல் அம்மாவைச் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நானும் அதே காமலாபுரத்திலிருந்து விமானம் ஏறிப் போனவன்தான். அன்றைக்கு மிச்சமான அரைநாள் எனக்கு எவ்வளவு பெரிசாக இருந்தது என்பதை மேடையில் சொல்லாமல் விட்டிருந்தேன். ஏதோ மழுப்பிவிட்டு இறங்கினேன். இது அந்தத் தம்பிக்கான பதில், கொஞ்சம் தாமதமாக.

நம்மிடம் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. விமானம் என்பதே மேட்டுக்குடிச் சமாச்சாரம், அதை எதிர்ப்பதுதான் முற்போக்கு என்பது ஒன்று. ஆடு மேய்த்தவர் மகனிடம் இதைச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? காலங்காலமாக நடந்தே போ என்று சொல்லப்பட்டவர்களிடம் நடப்பதன் மகத்துவத்தைப் போதிக்கிற வேலை இது. மற்றொன்று ஆட்சியாளர்களின் பதில்: விமானம் வந்தால் தொழில் வரும், தொழில் வந்தால் வேலை வரும், நாலு பேர் நிலம் கொடுத்தால்தான் நாடு முன்னேறும். ஒன்றையொன்று எதிர்ப்பதாகத் தோன்றும் இந்த இரண்டு சொல்லாடல்களும் ஓரிடத்தில் கைகோர்க்கின்றன. சின்ன ஊருக்கு வரும் விமான சேவையும் அந்த ஊரின் விமான நிலைய விரிவாக்கமும் ஒரே விஷயம் என்று இரண்டுமே வைத்துக்கொள்கின்றன. அப்படியில்லை என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

2

காமலாபுரத்து விமான நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. கொஞ்ச காலம் விமானம் வந்தது, நின்றது. 2009இல் கிங்பிஷர் வந்தது, 2011இல் நின்றது. 2012இல் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. பிறகு பல வருஷம் ஓடுபாதை வெயில் காய்ந்தது. 2018 மார்ச் 25ஆம் தேதி 'உடான்' திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் சென்னைக்கு விமானம் விட்டது. 2021இல் அதுவும் நின்றது. 2022 தொடக்கத்தில் அந்த நிறுவனமும் பறப்பதை விட்டது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. முப்பது வருஷக் கதையை இப்படி ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: வந்தது, நின்றது, வந்தது, நின்றது, வந்தது. உள்ளூர்க்காரர்கள் ஏரியைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். மழை பேஞ்சா ரொம்பும், இல்லேன்னா காயும்.

ஏன் இப்படி? இதன் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சின்ன ஊர்களுக்கு வருவது பெரும்பாலும் ஏ.டி.ஆர். வகை விமானம். இரட்டை விசிறி, எழுபது சொச்சம் இருக்கை. விமானம் வானத்தில் இருக்கும் நேரத்தில்தான் சம்பாதிக்கும். தரையில் நின்றாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வாடகை டாலரில், டிக்கெட் ரூபாயில். ஒரு மணி நேரப் பயணத்துக்கும் ஏறி இறங்குகிற செலவு முழுசாக உண்டு. அதைப் பங்கிட்டுக்கொள்ள கிலோமீட்டர்தான் குறைவு. சிறு நிறுவனத்திடம் நாலைந்து விமானம் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரே நாளில் பல ஊர் சுற்ற வேண்டும். காலையில் ஓரிடத்தில் கோளாறு என்றால் மாலை வரை எல்லா ஊரிலும் ஆள் காத்திருப்பான். போதாததற்கு, போட்டி வேறொரு விமானத்தோடு மட்டுமில்லை, ராத்திரி ரயிலோடு. சேலத்தில் படுத்தால் சென்னையில் விழிக்கலாம். இதையெல்லாம் தாண்டி ஒருவன் விமானம் ஏறுகிறான் என்றால், அவனுக்கு அவசரம் இருக்க வேண்டும், அல்லது டிக்கெட் மலிவாக இருக்க வேண்டும்.

மலிவாக்குவதுதான் 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் வேலை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2500 ரூபாய் என்று தொடக்கத்தில் உச்சவரம்பு வைத்தார்கள். ஆனால் விமானத்தின் எல்லா இருக்கைகளுக்கும் அந்த விலை கிடையாது. பாதி இருக்கைகள், அதிலும் அதிகபட்சம் நாற்பது. மிச்சம் சந்தை விலைக்கு. நஷ்டத்தை ஈடுகட்ட மூன்று வருஷத்துக்கு மானியம். அந்த மூன்று வருஷமும் அந்த வழித்தடத்தில் வேறு நிறுவனம் வராமல் ஏகபோகம். மானியத்தில் எண்பது சதவீதம் மைய நிதியிலிருந்து வரும். அந்த நிதி, பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்கள் மேல் போட்ட தீர்வையிலிருந்து திரட்டப்படுவது. மீதி இருபது சதவீதம் மாநில அரசு.

2017 ஏப்ரலில் சிம்லாவில் முதல் உடான் விமானத்தை அனுப்பிவைத்த பிரதமர், ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் போக வேண்டும் என்றார். இந்தியில் 'ஹவாயி' என்றால் காற்று சம்பந்தப்பட்டது. விமானத்துக்குப் பெயர் 'ஹவாயி ஜஹாஜ்'. செருப்பும் விமானமும் ஒரே ஒலியில் ஒட்டிக்கொள்கின்றன. தமிழில் சொன்னால் சிலேடை உதிர்ந்துவிடுகிறது, செருப்பு தரையிலேயே நிற்கிறது. சொல்லின் ஒலியால் கட்டப்பட்ட சமத்துவம் மொழி மாறினால் தாங்காது. கணக்கிலாவது தாங்குகிறதா என்று பார்க்கலாம்.

3

மத்தியத் தணிக்கைத் துறை 2023இல் இத்திட்டம் பற்றி அறிக்கை கொடுத்தது. உடானின் முதல் மூன்று சுற்றுகளில் ஒப்படைக்கப்பட்ட வழித்தடங்கள் 774. அவற்றில் 403இல் விமானம் கிளம்பவே இல்லை. கிளம்பிய 371இல் மானியக் காலமான மூன்று வருஷத்தை முழுசாக ஓட்டியவை 112. மானியம் முடிந்த பிறகும், 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. நூறுக்கு ஏழு.

இதை வைத்துத் திட்டம் தோல்வி என்று எழுதிவிடுவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். பேருந்துக்கும் ரயிலுக்கும் அரசு மானியம் கொடுக்கிறது. மலைக்கிராமத்துக்குப் போகிற பஸ் லாபத்துக்காகவா போகிறது? ஒரு சேவை தேவை என்று சமூகம் நினைத்தால் அதற்குத் தொடர்ந்து பணம் கொடுக்க வேண்டும். என் அம்மா படுத்துக்கிடந்த அன்றைக்கு அது எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. பிரச்சினை மானியத்தில் இல்லை. மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றினால் செடி தானாக மரமாகிவிடும், அப்புறம் சந்தை பார்த்துக்கொள்ளும் என்கிற நம்பிக்கையில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு மூன்று வருஷக் கெடு. நிலத்துக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. விமானம் நின்றுபோனால் போனதுதான். எடுத்த நிலம் எடுத்ததுதான். தற்காலிகமான ஒன்றுக்காக நிரந்தரமான ஒன்று கேட்கப்படுகிறது.

4

இனி ஓடுபாதைக்கு வருவோம். காமலாபுரத்து ஓடுபாதையின் நீளம் சுமார் 1800 மீட்டர். ஏ.டி.ஆர். ஏறி இறங்க இது தாராளம். ட்ரூஜெட் இதில்தான் இறங்கியது, இண்டிகோவும் இதில்தான். உடான் திட்டம் சேலத்துக்குக் கொண்டுவந்த விமானத்துக்கு ஒரு சென்ட் நிலம் கூடுதலாகத் தேவைப்படவில்லை.

கூடுதல் நிலம் யாருக்கு வேண்டும்? நூற்றெண்பது பேர் ஏறுகிற ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவற்றுக்கு. வெயில் ஏறினால் காற்று லேசாகும். லேசான காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறையும். அதனால் இன்னும் தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். சேலத்து வெயிலுக்குச் சொல்லவா வேண்டும். நீளம் மட்டும் போதாது: அகலம், இருபுறமும் தடையில்லாத சமதளப் பட்டை, முனைகளில் பாதுகாப்புப் பகுதி, பெரிய விமானம் நிற்க இடம், பெரிய கட்டடம் என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். 2018இல் பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி, காமலாபுரம் ஆகிய ஊர்களில் சுமார் 570 ஏக்கர் என்று பேச்சு எழுந்தது இப்படித்தான். குச்சிக்கிழங்கும் பூவும் விளைகிற நிலம்.

ஆக, 'சாதாரண மனிதன் பறக்க' என்று வந்த விமானம் வேறு. நிலம் கேட்கிற விமானம் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதற்கு நிலம் கேட்கப்படுகிறது. தம்பி ஏறி வந்த விமானம் இங்கே முன்னுதாரணமாக, ஏன், சாட்சியாகவே நிறுத்தப்படுகிறது. அந்தச் சாட்சியத்தைக் கொடுக்கச் சம்மதமா என்று தம்பியை யாரும் கேட்கவில்லை. ஏறிப்போன என்னையும் கேட்கவில்லை.

அதே 2018இல்தான் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கும் கல் நட்டார்கள். விமான நிலைய விரிவாக்கத்தையும் சாலையையும் எதிர்த்துப் பேசியதற்காக அந்த ஜூனில் நடிகர் மன்சூர் அலிகானும் சூழலியலாளர் பியூஷ் மானுஷும் கைதானார்கள். சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்றது. ஆட்சி மாறிய பிறகும் விரிவாக்கப் பேச்சு ஓயவில்லை. யார் ஆண்டாலும் ஒரே அகராதியைத்தான் புரட்டுகிறார்கள்.

5

அந்த அகராதியில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். உடான் திட்டத்தில் சேர விரும்பும் மாநில அரசு சில வாக்குறுதிகள் தர வேண்டும். விமான எரிபொருள் மீதான மதிப்புக் கூட்டு வரியை ஒரு சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். காவலும் தீயணைப்பும் இலவசம். மின்சாரமும் தண்ணீரும் சலுகை விலைக்கு. அடுத்து, தேவைப்பட்டால் நிலம்: இலவசமாக, எந்த வில்லங்கமும் இல்லாமல்.

வில்லங்கம். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் நின்ற யாருக்கும் தெரிந்த சொல். நிலத்தின் மேல் இன்னொருவருக்கு இருக்கிற பாத்தியதை, கடன், அடமானம். பேச்சுவழக்கில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: "அவன் வில்லங்கம் புடிச்சவன்." 1894ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் இதையேதான் சொன்னது: எடுக்கப்பட்ட நிலம் எல்லா வில்லங்கங்களிலிருந்தும் விடுபட்டு அரசைச் சேரும். வெள்ளைக்காரன் போனான், சட்டம் 2013இல் மாறியது, சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சொல்லின் பார்வையில் நிலம் என்பது வெறும் பரப்பு. அதன் மேல் கிணறு வெட்டியவன், வாய்க்கால் ஓட்டியவன், களை எடுத்தவள், ஆட்டை ஓட்டிப் போனவன் எல்லோருமே வில்லங்கம். துடைத்தெடுத்தால்தான் நிலம் சுத்தமாகும்.

சிக்கனம்பட்டியில் ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "ஆபீசருங்க வந்து பட்டா எங்கன்னாங்க. பட்டா கவுண்டரு பேர்ல இருக்குதுங்க சாமி, வேர்வை எம் பேர்ல இருக்குது. அதுக்கு எந்த ஆபீசுல நகல் குடுப்பாங்க?"

அந்த நகலை எடுக்க ஒரு வழி சட்டத்தில் இருந்தது. 2013ஆம் வருஷத்துச் சட்டம், நிலம் இல்லாவிட்டாலும் மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பத்தையும் குத்தகைக்காரரையும் பாதிக்கப்பட்டவர் என்கிறது. அவர்கள் யார், எத்தனை பேர் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சமூகத் தாக்க மதிப்பீடு. ஊரில் உட்கார்ந்து எல்லோரும் கேட்க நடத்த வேண்டிய விசாரணை. தமிழ்நாடு என்ன செய்தது? 105 ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் வருஷத்துச் சட்டம், 2001ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களை அதிலிருந்து விலக்கிவைத்தது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் புதுச் சட்டத்தின்படி, மதிப்பீடு வேண்டாம். 2019 ஜூலையில் உயர்நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டமன்றம் அந்தச் சட்டங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஒன்றும் நிறைவேறியது: நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டத்துக்குள் ஏரி, ஓடை இருந்தாலும் அவற்றையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிற சட்டம். இப்போது ஏரியும் வில்லங்கம்தான்.

நில உடைமையாளர்களின் போராட்டத்தில் நாம் கலந்துகொள்ளும்போதும் இந்தப் பிரச்சினை கூடவே வருகிறது. மேடையில் 'விவசாயி' என்ற ஒற்றைச் சொல் பட்டாக்காரரையும் கூலிக்காரரையும் ஒன்றாகச் சுருட்டிவிடுகிறது. இழப்பீடு உயர்ந்தால் முதலில் சமரசத்துக்குப் போகிறவர் யார், கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறவர் யார் என்பது சாதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதைப் பேசினால் ஒற்றுமை கெடும் என்கிறார்கள். பேசாத ஒற்றுமை ஏற்கனவே கெட்டுத்தான் கிடக்கிறது.

6

எடுத்த நிலம் என்னவாகும் என்பதற்கும் சேலத்திலேயே பாடம் இருக்கிறது. 1970இல் இந்திரா காந்தி உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். ஆயிரக்கணக்கான ஏக்கர் பொது நோக்கத்துக்காக எடுக்கப்பட்டது. 2019 ஜூலையில் அதே ஆலையை விற்பதற்கு விருப்பம் தெரிவிக்கலாம் என்று தனியாருக்கு அழைப்பு வந்தது. தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். நோக்கம் மாறலாம், முதலாளி மாறலாம். நிலம் கொடுத்தவருக்குத் திரும்பி வருகிற வழி மட்டும் இல்லை.

தம்பி, நீ பிளேனில் வருவது எனக்கு உறுத்தவில்லை. நான் அதில் போனவன். ஏ.டி.ஆர். வரட்டும், அதற்கு மூன்று வருஷக் கெடு வைக்காமல் பஸ்ஸுக்குக் கொடுப்பதைப்போல மானியம் கொடுக்கச் சொல்லி நானும் கோஷம் போடுகிறேன். இருக்கிற ஓடுபாதை அதற்குப் போதும். பெரிய விமானத்துக்கு நிலம் வேண்டுமென்றால் அதைத் தனிக் கேள்வியாகக் கேட்கட்டும். உன்னைச் சாட்சியாக நிறுத்தி, உன் அப்பா ஆடு மேய்த்த புறம்போக்கை வில்லங்கம் என்று எழுதி வாங்க வேண்டாம். கேட்பதற்கு முன்னால் ஊரைக் கூட்டிக் கணக்கெடுக்கட்டும்: பட்டாக்காரர் எத்தனை, குத்தகைக்காரர் எத்தனை, களை எடுப்பவர் எத்தனை, மேய்ப்பவர் எத்தனை.

அந்தக் கணக்கை அரசு எடுக்காவிட்டால் நாம் எடுக்கலாம். நாலு ஊர்தான். ஒரு நோட்டுப் புத்தகமும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். அடுத்த லீவில் வரும்போது தம்பியும் கூட வந்தால் நல்லது. எந்த வீட்டு ஆடு எந்தப் பக்கம் போகும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.