மருத்துவ ரோபோவியலில் முனைவர் பட்ட ஆய்வு: விண்ணப்பிப்போர் அறிய வேண்டுவன

நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்று, பின்னர்க் கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டமும் பெற்ற மாணவி ஒருவர், சென்ற ஆண்டு தம் தந்தையாருடன் நம் இல்லத்திற்கு வந்தார். அமெரிக்காவில் மருத்துவ ரோபோவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விழைவதாகக் கூறினார். தந்தையார் கேட்டது ஒன்றே: "வீட்டை அடமானம் வைத்தால் போதுமா, சார்?" தமிழாசிரியராகிய நமக்கு அன்று விடை தெரியவில்லை. அதன்பின் பொறியியல் துறை நண்பர்களிடம் கேட்டும், பல்கலைக்கழக அறிவிப்புகளைப் படித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறோம்.

முதலில் துறையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 'எந்திர மனிதன்' என்று நாம் வழங்கும் சொல் இங்கே வழிதவறச் செய்துவிடும். அறுவை அரங்கில் நிற்பது மனித உருவம் அன்று. பல மூட்டுகளை உடைய நீண்ட கைகளே. 1985இல் பூமா என்னும் தொழிற்சாலைக் கை, மூளையில் ஊசி செலுத்த வேண்டிய இடத்தைக் குறிவைக்கப் பயன்பட்டது. 1992இல் ரோபோடாக் என்னும் கருவி, இடுப்பு மூட்டு மாற்றுக்காகத் தொடை எலும்பைக் குடைந்தது. 2000இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற டாவின்சி கருவியில், மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து கைப்பிடிகளை அசைக்கிறார். நோயாளியின் உடலுக்குள் உள்ள சிறு கருவிகள் அவ்வசைவைச் சுருக்கி, கைநடுக்கத்தை நீக்கி நிகழ்த்துகின்றன. ஆயினும் நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதை மருத்துவரின் விரல் உணர வழியில்லாதிருந்தது. 2024இல் வந்த அதன் ஐந்தாம் வடிவில்தான் அவ்வுணர்வு ஓரளவு கைகூடியது. இத்தகைய குறைகளே ஆய்வாளர்க்குரிய விளைநிலம்.

'மருத்துவ ரோபோவியல்' என்ற பெயரிலேயே ஒரு துறையைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். ரோபோடாக் உருவாக்கத்தில் பங்குகொண்ட ரஸ்ஸல் டெய்லர், 1995இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குள்ள ரோபோவியல் ஆய்வகத்தில் பணியாற்றும் ஆய்வு மாணவர்கள் கணினியியல், இயந்திரவியல், மின்னியல் போன்ற துறைகளின் வழியாகவே நுழைகின்றனர். பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபோவியலுக்கே முனைவர் பட்டம் உண்டு. ஆகவே எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட, எவரிடம் ஆய்வு செய்யப் போகிறோம் என்பதே முதன்மையானது. அப்பேராசிரியர் அண்மையில் எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகளையேனும் படித்த பின்னரே அவருக்கு மடல் எழுத வேண்டும். நம் கலை அறிவியல் கல்லூரி மாணவர்க்கு மேலும் ஒரு செய்தி: மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தம் நான்காண்டுப் பட்டத்திற்கு இணையாகக் கொள்வதில்லை. முதுநிலைப் பட்டமும் பெற்றிருப்பின் அத்தடை பெரிதும் நீங்கும்.

இனி அடமானத்திற்கு வருவோம். அமெரிக்காவில் பொறியியல் முனைவர் பட்டத்திற்கு இடம்பெறுவோரின் கல்விக் கட்டணத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமோ பேராசிரியரின் ஆய்வு நிதியோ ஏற்கிறது. ஆய்வுதவி, கற்பித்தலுதவிப் பணிகளுக்காக மாத ஊதியமும் உண்டு. இலட்சக் கணக்கில் செலவு வைப்பது அங்குள்ள முதுநிலைப் படிப்பே. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, நகையை விற்ற குடும்பங்களை நாம் அறிவோம். வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்கள் சில இக்குழப்பத்தைத் தெளிவிக்க முனைவதில்லை. அவற்றின் வருவாய் அதில் இருக்கிறது. முனைவர் பட்டத்திற்கும் கைச்செலவு உண்டு: விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, விசா, விமானப் பயணம். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு வேண்டலாம். கேட்பதில் இழிவு ஏதுமில்லை. ஜி.ஆர்.இ. தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. ஜெர்மனியில் முறை வேறு: பொறியியல் ஆய்வாளர் பலரும் அங்கு ஊதியம் பெறும் பணியாளராகவே அமர்த்தப்படுகின்றனர், பணியிட அறிவிப்பைக் கண்டு பேராசிரியருக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தின் உயிர், ஓரிரு பக்க நோக்கவுரை. நம் மாணவி சென்ற ஆண்டு ஐந்து இடங்களுக்கு அனுப்பிய உரை, சிறுவயது முதலே நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் கனவு தமக்கு இருந்ததாகத் தொடங்கியது. அதன் உருக்கத்தை நாமே பாராட்டினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஐந்தும் மறுத்துவிட்டன. உண்மையில் அவரிடம் சொல்வதற்குச் செய்தி இருந்தது. முதுநிலை ஆய்வேட்டுக்காக அவர் அல்ட்ராசவுண்ட் படங்களை ஆராய்ந்தவர். உடலுக்குள் செலுத்தும் ஊசி, ஒலிக்கற்றையின் தளத்தைவிட்டுச் சற்று விலகினாலும் படத்திலிருந்து மறைந்துவிடும் என்பதைக் கண்டவர். ஊசியை விடாது பின்தொடர்ந்து ஒலிக்கருவியைத் தானே திருப்பும் ரோபோக் கை இயலுமா என்பதே அவர் உள்ளத்தில் இருந்த வினா. அதனை அவர் எழுதவில்லை. எழுதுமாறு நாமும் சொல்லவில்லை. தேர்வுக் குழுவினர் தேடுவது அவ்வினாவையும், அதன்பொருட்டு விண்ணப்பதாரர் செய்து பார்த்ததையும், தவறியதையுமே ஆகும்.

பரிந்துரை மடல்கள் பொதுவாக மூன்று வேண்டும். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்னும் மடலால் பயனில்லை. "நீயே எழுதி வா, கையொப்பமிடுகிறேன்" என்னும் ஆசிரியர்களும் உளர். மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் மடலில் ஆசிரியர் கண்டது எப்படி இருக்கும்? எந்தச் சோதனை தவறியது, அதை மாணவர் எங்ஙனம் சரிசெய்தார் என்று ஆய்வு நெறியாளர் எழுதும் ஒரு பத்தி போதும். தமிழாசிரியரின் மடல் இதற்கு உதவாது என்று நாமே அம்மாணவியிடம் கூறிவிட்டோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற்கு டிசம்பர் மாதமே கடைசி. நேர்காணல்கள் பெரும்பாலும் சனவரி, பிப்ரவரியில் நடைபெறும். நிதியுதவியுடன் இடம் கிட்டியவர்க்குப் பல இடங்களில் ஏப்ரல் 15 வரை முடிவுரைக்கக் காலம் உண்டு. எனவே பேராசிரியர்களைத் தேடும் பணியைக் கோடையிலேயே தொடங்குவது நன்று. அம்மாணவி இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பிக்கிறார். ஊசியைப் பற்றித் தொடங்கும் மூன்றாம் வரைவைச் சென்ற வாரம் கொண்டு வந்து காட்டினார். வீடு அடமானம் வைக்கப்படவில்லை.