நூறு சதவீத வருகைக்குப் பரிசு வேண்டுமா?

பள்ளி ஆண்டு விழாக்களில் பரிசளிப்பு நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ மாறாத ஒரு வரிசை உண்டு. முதலில் மதிப்பெண், அடுத்து விளையாட்டு, பிறகு பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. கூட்டம் கலையத் தொடங்கும் நேரத்தில், 'ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்கள்' என்று ஓரிருவர் மேடைக்கு அழைக்கப்படுவார்கள். அவர்களுக்கு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸோ, தம்ளரோ, சான்றிதழோ கிடைக்கும். திருவண்ணாமலை வட்டாரத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் இந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு பல முறை என்னிடம் வந்தது. இருப்பதிலேயே எளிதான பட்டியல் அதுதான். வருகைப் பதிவேட்டைப் புரட்டி, இடைவெளியே இல்லாத வரிசைகளைத் தேடினால் போதும்.

இடைவெளி உள்ள வரிசைகளை அப்போது நான் உற்றுப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவற்றிலும் ஓர் ஒழுங்கு இருப்பது முன்னமே தெரிந்திருக்கும்.

இந்த ஊரின் நாள்காட்டி வேறு வகையானது. மாதந்தோறும் பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் விடிய விடிய மக்கள் நடக்கிறார்கள். அவர்களுக்கு இட்லி, சுண்டல், தேநீர், தண்ணீர்ப் புட்டி, பூ, கற்பூரம் விற்பவர்களும் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். அந்தக் கடைகளின் பின்னால் பாத்திரம் கழுவவும் சில்லறை எண்ணவும் வீட்டுப் பிள்ளைகள் நிற்பார்கள். மறுநாள் பள்ளி நாளாக இருந்தால், குறிப்பிட்ட சில தெருக்களைச் சேர்ந்த பிள்ளைகளின் பெயருக்கு நேரே வராமைக் குறி விழும். கார்த்திகைத் தீபத்தன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடப்படுவதால் அந்த ஒரு நாளில் சிக்கலில்லை. ஆனால் திருவிழா பத்து நாள்கள் நடக்கிறது. கூட்டத்துக்காக நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படும்போது, கிராமத்திலிருந்து நகரப் பேருந்தை நம்பி வரும் மாணவர் வழக்கமான இடத்தில் இறங்க முடியாது.

நகரைவிட்டு வெளியே போனால் காரணங்கள் இன்னும் கனமானவை. தை பிறந்தால் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பங்கள் கிளம்புகின்றன. ஜவ்வாது மலையிலிருந்து கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று வேலை தேடிப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் வனப்பகுதியில் காவல் துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் இந்த மாவட்டத்தினர் என்பதை நாடு ஒரு வாரம் பேசிவிட்டு மறந்துவிட்டது. உயிரைப் பணயம் வைத்தாவது மலையைவிட்டு இறங்கும் அந்தத் தேவை அதன் பிறகும் மாறிவிடவில்லை. பெற்றோர் கிளம்பும்போது பிள்ளை பாட்டியிடம் விடப்படும். பாட்டி இல்லையென்றால் கூடவே போகும். ஆரணிப் பக்கம் பட்டுத் தறி இருக்கும் வீட்டில், முகூர்த்தக் காலத்தில் ஒரு கை குறைந்தால் சேலை முடியாது. இவையெல்லாம் பதிவேட்டில் ஒரே குறியாகத்தான் பதிவாகின்றன. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும், தந்தை குடித்துவிட்டு நோட்டைக் கிழித்தாலும் அதே குறிதான்.

ஓராண்டில் பள்ளி வேலை நாள்கள் 200-க்கும் மேல். அத்தனை நாளும் ஒரு குழந்தை தவறாமல் வருவதற்கு அதன் ஆர்வம் மட்டும் போதாது. அதற்குக் காய்ச்சல் வரக் கூடாது. வீட்டில் யாரும் சாகக் கூடாது. தாய்க்குப் பிரசவம் நேரக் கூடாது. பேருந்து நிற்க வேண்டும். பெண் குழந்தையாக இருந்தால் மாதத்தின் சில நாள்களுக்குப் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இருக்க வேண்டும். ஆக, நாம் மேடையில் பாராட்டுவது பெரும்பகுதி அந்தக் குடும்பத்தின் நல்வாய்ப்பை. பரிசு வாங்கியவர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. நொண்டிக்கொண்டே நடந்து வந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆனால் அவர்கள் நொண்டிக்கொண்டு வந்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது ஒரு மாணவியின் கண்களைப் பார்த்தபோது. சனவரி வரை ஒரு நாளும் தவறாமல் வந்திருந்த அந்தப் பெண், ஒரு காலையில் இரு கண்களும் சிவந்து, நீர் வடிய, தலையைத் தூக்காமல் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாள். மெட்ராஸ் ஐ. வீட்டுக்குப் போகச் சொன்னேன். "வருகை போட்டுட்டு அனுப்புங்க சார்" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது, போட்டேன். மறுநாளும் அதே கண்களோடு, அதே ஒரு மணி நேரத்துக்காக வந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் வகுப்பில் ஏழெட்டுப் பேருக்குக் கண் சிவந்துவிட்டது. அவர்களில் ஒருவன் தேர்வும் எழுதவில்லை. ஆண்டு விழாவில் அவளுக்கு டிபன் பாக்ஸ் கிடைத்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தக் குழந்தையின் மீது தவறில்லை. நோயோடு வருவதற்கு ஒரு விலையை நாங்கள் அறிவித்திருந்தோம், அவள் அதை நம்பினாள்.

பரிசு பயன் தருகிறதா என்பதை ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 14 பள்ளி மாவட்டங்களைச் சேர்ந்த, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான 15,329 மாணவர்களிடம் கார்லி ராபின்சன் குழுவினர் நடத்திய ஆய்வு அவற்றில் ஒன்று. 'அடுத்த மாதம் முழுமையாக வந்தால் விருது' என்று முன்கூட்டி அறிவிக்கப்பட்ட மாணவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. முந்தைய ஒரு மாதத்தின் முழு வருகைக்காக எதிர்பாராமல் விருது பெற்றவர்களோ, அடுத்த மாதத்தில் விருது பெறாத ஒத்த மாணவர்களைவிட ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாக விடுப்பு எடுத்தார்கள். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் யோசிக்கத்தக்கது. விருது வந்ததும், 'மற்றவர்களைவிட நான் அதிகமாகவே வந்திருக்கிறேன், பள்ளி எதிர்பார்ப்பது இவ்வளவு இல்லை போலும்' என்று மாணவர் முடிவுசெய்துகொள்கிறார்.

கலிபோர்னியா எங்கே, கலசபாக்கம் எங்கே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் நம் நாட்டிலேயே, நகரக் குடிசைப் பகுதிகளில் நடைபெறும் முறைசாராப் பள்ளிகளில் சுஜாதா விசாரியா உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. குறிப்பிட்ட நாள்கள் வந்தால் சிறு பரிசு என்பதுதான் ஏற்பாடு. பரிசு இருந்தவரை சராசரி வருகை உயர்ந்தது. பரிசு நின்ற பிறகு, முன்பே ஒழுங்காக வந்தவர்களிடம் மாற்றமில்லை. முன்பு குறைவாக வந்தவர்களின் வருகை மட்டும் குறைந்தது. அவர்களுடைய தேர்வு மதிப்பெண்ணும், பாடத்தில் ஆர்வமும், தம் திறமை மீதான நம்பிக்கையும்கூடக் குறைந்தன. எந்தப் பிள்ளையை உள்ளே இழுப்பதற்காகப் பரிசு வைக்கப்பட்டதோ, அந்தப் பிள்ளையைத்தான் அது தள்ளிவிட்டிருக்கிறது.

இதை வைத்து, ஊக்கத்தொகை எதுவுமே பயன் தராது என்று முடிவுகட்டுவதும் அவசரம். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், எஸ்தர் டுஃப்லோ, ரீமா ஹன்னா, ஸ்டீபன் ரயான் ஆகியோர் ஆசிரியர்களின் வருகையை ஆராய்ந்தார்கள். ஆசிரியர் நாள்தோறும் நேரம் பதிவாகும் கேமராவில் பிள்ளைகளுடன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மாதத்தில் 20 நாள்களுக்கு மேல் வந்த ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல், குறைந்தால் அதே அளவு பிடித்தம். ஆசிரியர் வராமை 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகச் சரிந்தது. (மாணவரின் வருகையைப் பற்றிப் பேசும் நாம், ஆசிரியரின் வருகையைப் பற்றிய இந்தச் செய்தியைக் கண்டும் காணாமல் போவது எங்கள் தரப்பின் பழைய வழக்கம்.) இங்கே கவனிக்க வேண்டியது கணக்கின் அமைப்பு. ஒரு நாள் தவறினால் அந்த ஒரு நாளின் பணம்தான் போகும். மறுநாள் வருவதற்கான காரணம் அப்படியே இருக்கும்.

நூறு சதவீதப் பரிசின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. சூன் மாதத்தில் ஒரு நாள் சளிக்காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அந்த ஆண்டின் போட்டி அன்றே முடிந்துவிட்டது. எஞ்சிய பத்து மாதங்களுக்கு அந்தப் பரிசு அதனிடம் எதுவும் பேசுவதில்லை. ஓராண்டில் 60 நாள்கள் வராத மாணவனிடமோ அது தொடக்கத்திலிருந்தே பேசவில்லை.

தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்த வரலாறு நமக்கு நன்றாகத் தெரிந்ததே. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியொன்றில் பிட்டி தியாகராயர் காலத்தில் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராஜர் ஆட்சியில் மாநிலம் முழுவதும் பரவி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்து, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் வரை வந்திருக்கிறது. உணவும் ஒரு வகையில் வருகைக்கான பரிசுதான். ஆனால் அது வந்த பிள்ளைக்கு வந்த அன்றே கிடைக்கும் பரிசு. நேற்று ஏன் வரவில்லை என்று அது கேட்பதில்லை. ஒரு வாரம் சூளைக்குப் போய்த் திரும்பிய பிள்ளைக்கும் அன்று பன்னிரண்டரை மணிக்குத் தட்டில் சோறு விழும், முட்டையும் விழும். இலவசப் பேருந்துப் பயண அட்டையும் மிதிவண்டியும் சீருடையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அரசுப் பள்ளிகளில் 10, 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு முறையே 1,500, 1,500, 2,000 ரூபாய் என மொத்தம் 5,000 ரூபாய் வைப்பாக வழங்கும் இடைநிற்றல் தடுப்புத் திட்டம்கூட, ஒரு நாளும் தவறாதவருக்கானது அன்று; நின்றுவிடாதவருக்கானது.

சக ஆசிரியர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கு மூன்று நாள், குலதெய்வக் கோயிலுக்கு இரண்டு நாள், மாமன் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் என்று பிள்ளையைக் கூட்டிப் போகும் பெற்றோர் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் 'பள்ளி நாள் முக்கியம்' என்று சொல்ல ஆசிரியரிடம் வேறு என்ன ஆயுதம் இருக்கிறது என்பதே அந்த மறுப்பு. முழு வருகைப் பரிசை மனத்தில் வைத்து, 'சாயங்காலம் பள்ளி விட்டதும் வருகிறேன்' என்று அடம்பிடித்த பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். தவறாமல் வரும் பழக்கம் ஒரு நற்பண்பு என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் காதுகுத்துக்குப் போகும் பெற்றோரைத் தடுக்க வைத்த வேலி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் மீதும் இரவெல்லாம் கடையில் நின்ற பிள்ளையின் மீதும் அதே போலத்தான் விழுகிறது. வேலிக்கு அவர்களைப் பிரித்தறியத் தெரியாது. ஆசிரியருக்குத் தெரியும், கேட்டால்.

பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஆண்டு என்பதை மாதமாகக் குறைக்கலாம். நூறு என்ற எண்ணைக் கைவிடலாம். நோய்க்காக எடுத்த விடுப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். பிள்ளையை அடுத்த பிள்ளையோடு ஒப்பிடாமல், அதன் சென்ற மாதத்தோடு ஒப்பிடலாம். 20 நாளில் 9 நாள் வந்தவன் 15 நாள் வந்தால், வீட்டில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அல்லது அவனே எதையோ மாற்றியிருக்கிறான். இவற்றைவிட முக்கியமானது, இப்போது கைப்பேசிச் செயலியில் நாள்தோறும் பதிவேற்றப்படும் வருகையை யாராவது வாசிப்பது. மேலிடத்துக்கு எண்ணிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே நாளில் வராமல் போவதைக் கவனிக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. பதிவேட்டின் ஓரத்தில் பௌர்ணமி நாள்களைக் குறித்து வைத்தாலே போதும். நான் அப்படித்தான் தாமதமாகக் கண்டுகொண்டேன்.

கண்டுகொண்ட பின் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. கிரிவலப் பாதையில் தாய் நடத்தும் இட்லிக் கடையில் இரவு நிற்கும் ஒரு மாணவனிடம், பௌர்ணமிக்கு மறுநாள் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும் உள்ளே விடுவோம் என்று சொன்னோம். அதுவரை, தாமதமாக வந்தால் வெளியே நிற்க வேண்டுமே என்று அஞ்சி அவன் வராமலேயே இருந்திருக்கிறான். அதன் பிறகு வந்தான். மூன்றாவது பாடவேளையில் சில நாள்கள் மேசை மீது சாய்ந்து தூங்கினான். எழுப்பவில்லை. அவன் பெயர் எந்தப் பரிசுப் பட்டியலிலும் வந்ததில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினான்.

அடுத்த ஆண்டு விழாவுக்கான பட்டியலில் முழு வருகைப் பிரிவை எழுதாமல் விட்டேன். யாரும் கேட்கவில்லை. முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த மூன்று டிபன் பாக்ஸ்கள் அலுவலக அலமாரியில் கொஞ்ச நாள் கிடந்தன. பிறகு சத்துணவுக் கூடத்தில் வைத்தோம், தட்டு கொண்டுவராத பிள்ளைகள் சாப்பிட.