ஒரே பெயர் – ஒரே ரத்தமா?

இங்கிலாந்தில் உள்ள ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பிரையன் சைக்ஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். தாய் தந்தையரின் குணங்கள் பிள்ளைகளுக்கு எப்படி வந்து சேருகின்றன என்பதை ஆராய்வது அவர் வேலை.

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 5 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்த ஒரு மனிதனின் உடல் 1991-ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த உடலை ஆராய்ந்த விஞ்ஞானிகளில் இவரும் ஒருவர்.

மருந்து தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்று, தன்னிடம் வந்து சொற்பொழிவு ஆற்றும்படி அவரை அழைத்தது. அந்தக் கம்பெனியின் தலைவர் பெயர் சர் ரிச்சர்டு சைக்ஸ்.

இவரும் சைக்ஸ். அவரும் சைக்ஸ்!

இருவரும் உறவினரா? அவர்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள பிரையன் சைக்சுக்கு ஒரு வழி தோன்றியது. கம்பெனித் தலைவரின் உடம்பிலிருந்து சில அணுக்களை வாங்கினார். தன்னுடைய அணுக்களையும் எடுத்தார். ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

இரண்டும் ஒத்துப்போயின!

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், ஒரே பாட்டனிடமிருந்து பிரிந்து வந்தவர்கள் அந்த இருவரும்.

இது தற்செயலாக நடந்ததா? அல்லது சைக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிற எல்லோருமே ஒரே ரத்தமா? அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று அவர் கிளம்பினார்.

பெயர் வந்த கதை

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்துக் கிராமத்து உழவர்கள் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஜான், வில்லியம், ராபர்ட் என்று ஒற்றைப் பெயர்தான். ஒரு கிராமத்தில் பத்து ஜான்கள் இருந்தால், வரி வாங்க வரும் அதிகாரி எந்த ஜானைத் தேடுவார்?

ஆகவே பெயரோடு ஓர் அடையாளத்தையும் சேர்த்து எழுதினார்கள்.

கொல்லன் பட்டறை வைத்திருந்தவர் "ஸ்மித்" ஆனார். துணி தைத்தவர் "டெய்லர்". ரொட்டி சுட்டவர் "பேக்கர்". ஜானுடைய மகன் "ஜான்சன்". குன்றின் பக்கத்தில் குடியிருந்தவர் "ஹில்".

குட்டையாக இருந்தவரை "ஷார்ட்" என்றார்கள். நாளடைவில் இந்த அடையாளங்கள் பரம்பரைப் பெயர்களாக நிலைத்துவிட்டன. பிறகு ஷார்ட்டின் பேரன் ஆறடி வளர்ந்தாலும் அவனும் "ஷார்ட்"தான்!

யார்க்ஷயர் என்பது இங்கிலாந்தின் வடபகுதி. அங்கே 1379-ம் ஆண்டு தலைவரி வாங்கினார்கள். அந்த வரிப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. குடும்பப் பெயர்களை ஆராய்பவர்களுக்கு அவை பெரிய புதையல்.

அந்த யார்க்ஷயர்ப் பேச்சில் "சைக்" என்றால் சிற்றோடை, வாய்க்கால் என்று பொருள். நிலங்களுக்கு எல்லையாக ஓடும் வாய்க்காலையும் அப்படித்தான் சொல்வார்கள். வாய்க்கால் ஓரத்தில் குடியிருந்தவர்கள் சைக்ஸ் ஆனார்கள்.

இப்போதும் ஹடர்ஸ்பீல்டு என்ற நகரத்தைச் சுற்றி அந்தப் பெயர்க்காரர்கள் ஏராளம். கம்பளி நெசவுக்குப் பேர்போன வட்டாரம் அது.

முதல் உலகப் போரின்போது 1916-ம் ஆண்டு, அரபு நாடுகளைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு ரகசிய ஒப்பந்தம் நடந்தது. அதில் பிரிட்டன் தரப்பில் முன்னின்றவர் சர் மார்க் சைக்ஸ். அவரும் யார்க்ஷயர்க்காரர்தான். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய "ஆலிவர் ட்விஸ்ட்" நாவலில் வரும் திருடன் பெயரும் சைக்ஸ். எழுத்து மட்டும் சற்று வேறுபடும்.

யார்க்ஷயர் மலைப்பகுதி முழுவதும் ஓடைகள். ஆகவே பல ஊர்களில் பலர் தனித்தனியாக இந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்குள் ரத்த சம்பந்தம் இருக்காது என்றே அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். அப்படி எண்ணியதில் தவறும் இல்லை.

தந்தை தரும் சீட்டு

மனித உடம்பின் அணுக்களுக்குள் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் உள்ளன. மொத்தம் 46. பாதி தாய் கொடுத்தது. பாதி தந்தை கொடுத்தது.

இவற்றில் "ஒய்" என்று ஓர் இழை உண்டு. அது ஆண்களிடம் மட்டுமே இருக்கும். தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். மகனிடமிருந்து பேரனுக்குப் போகும். மகளுக்குப் போகாது.

இங்கிலாந்துக் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. மகள் கல்யாணம் ஆனதும் கணவன் வீட்டுப் பெயரை ஏற்றுக்கொள்வாள். மகன் தந்தையின் பெயரையே வைத்துக்கொள்வான். ஆகவே பெயரும் "ஒய்" இழையும் ஒரே வண்டியில் ஏறிய இரண்டு பிரயாணிகள்!

சரி, ஒருவருடைய "ஒய்" இழையை இன்னொருவருடையதிலிருந்து எப்படிப் பிரித்து அறிவது?

பழைய ஓலைச் சுவடியைப் பார்த்து எழுதுபவர் எங்காவது ஓர் எழுத்தை விட்டுவிடுவார். அல்லது ஒரு சொல்லை இரண்டு தடவை எழுதிவிடுவார். அடுத்துப் பெயர்த்து எழுதுபவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார். ஒரே பிழைகள் உள்ள இரண்டு சுவடிகளைக் கண்டால், இரண்டும் ஒரே மூலச் சுவடியிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடலாம். உடம்பிலும் இப்படித்தான். "ஒய்" இழை தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கப்படும்போது, எப்போதாவது ஒரு சிறு பிழை நேருகிறது. அந்தப் பிழைகளைத்தான் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

நாற்பத்தெட்டுப் பேர்

பிரையன் சைக்ஸ், தன் பெயர் கொண்ட 48 ஆண்களின் "ஒய்" இழைகளைச் சோதித்தார். முடிவு 2000-ம் ஆண்டு வெளியாயிற்று.

48 பேரில் 21 பேருக்கு ஒரே மாதிரியான இழை! அதே பகுதியில் வசித்த வேறு பெயர்க்காரர்களையும் சோதித்தார்கள். அவர்களில் ஒருவரிடமாவது அந்த இழை இல்லை.

ஆகவே, சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு மனிதர்தான் இன்றைய சைக்ஸ்களுக்கு மூல புருஷர் என்று அவர் முடிவு கட்டினார்.

ஆரம்பத்தில் வேறு சைக்ஸ்களும் இருந்திருக்கலாம், அவர்களுடைய வம்சம் ஆண் வாரிசு இல்லாமல் அற்றுப்போயிருக்கலாம் என்றும் சொல்ல இடம் இருக்கிறது. 1348, 1349-ம் ஆண்டுகளில் வந்த கொள்ளை நோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொன்றது. எத்தனை வீடுகள் அப்போது அடைபட்டனவோ!

மீதி 27 பேர் யார்? அவர்கள் பெயர் சைக்ஸ். ஆனால் இழை வேறு.

உடனே சைக்ஸ் வீட்டுப் பெண்களைச் சந்தேகித்துவிட வேண்டாம். அநாதைக் குழந்தையை எடுத்து வளர்த்துத் தன் பெயரைக் கொடுத்தவர்கள் உண்டு. மாமனார் சொத்துக்காக மாமனாரின் பெயரை ஏற்றுக்கொண்ட மருமகன்கள் உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயர்தான். இவற்றோடு கள்ள உறவும் உண்டு.

எல்லாவற்றையும் சேர்த்தே, ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு 1.3 என்றுதான் அவர் கணக்கிட்டார். போரும் பஞ்சமும் கொள்ளை நோயும் வந்த 700 ஆண்டுகளில் இது மிகவும் குறைவுதான். மனைவிமார்களைப் பற்றிக் கேலிக் கதை கட்டியவர்களுக்கு இது நல்ல பதில்.

பிரையன் சைக்ஸ் 2020-ம் ஆண்டு காலமானார்.

மன்னர் வீட்டிலும்!

ஏழை நெசவாளி வீட்டில் மட்டும்தான் இப்படி என்பது இல்லை.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு 1485-ம் ஆண்டு போர்க்களத்தில் வெட்டுண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. அவருடைய எலும்புக்கூடு 2012-ம் ஆண்டு லெஸ்டர் நகரத்தில், கார்கள் நிறுத்தும் இடத்துக்கு அடியில் கிடைத்தது!

மன்னரின் சகோதரியுடைய பெண் வழி வாரிசுகள் இருவருடன் ஒப்பிட்டார்கள். தாய் வழி வரும் மரபணு பொருந்தியது. பிறகு ஆண் வழி உறவினர்களைத் தேடினார்கள். சாமர்செட் என்ற பிரபு குடும்பத்தில் ஐந்து பேர் கிடைத்தார்கள். பரம்பரைப் பட்டியலின்படி, அவர்களும் மன்னரும் மூன்றாம் எட்வர்டு மன்னரின் வம்சம்.

ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட மன்னரின் "ஒய்" இழை இல்லை. அதோடு, ஐந்து பேரில் ஒருவருடைய இழை மற்ற நால்வருக்கும் பொருந்தவில்லை!

எந்தத் தலைமுறையில், எந்த மாளிகையில் கிளை மாறியதோ!

கொல்லர்கள் வேறு, அட்டன்பரோக்கள் வேறு

மன்னரின் மரபணுவை ஆராய்ந்தவர் டுரி கிங் என்ற பெண் விஞ்ஞானி. அவர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். மரபணு ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையை அலெக் ஜெப்ரீஸ் 1984-ம் ஆண்டு கண்டுபிடித்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான்.

மன்னரின் எலும்புக்கூடு கிடைப்பதற்கு முன்பே, டுரி கிங்கும் மார்க் ஜாப்ளிங் என்ற பேராசிரியரும் 40 குடும்பப் பெயர்களை ஆராய்ந்திருந்தார்கள். 1,678 ஆண்களைச் சோதித்தார்கள். முடிவை 2009-ம் ஆண்டு வெளியிட்டார்கள்.

ஊருக்கு ஊர் கொல்லன் உண்டு. ஆகவே ஸ்மித் என்ற பெயருக்கு ஆயிரக்கணக்கான மூல புருஷர்கள். தெருவில் போகும் எவரோ இருவருக்குள் எவ்வளவு ஒற்றுமை உண்டோ, இரண்டு ஸ்மித்களுக்குள்ளும் அவ்வளவுதான்.

அபூர்வமான பெயர்களின் சமாசாரம் வேறு. அட்டன்பரோ என்ற பெயர்க்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை ஒரே வம்சம்! 1982-ல் வெளிவந்த "காந்தி" படத்தை எடுத்தாரே ரிச்சர்டு அட்டன்பரோ, அதே பெயர்தான். லெஸ்டர் பல்கலைக்கழகம் வெறும் கல்லூரியாக இருந்த காலத்தில், அவருடைய தந்தை அதற்கு முதல்வராக இருந்தார்.

வெள்ளையருக்குள் ஆப்பிரிக்கர்

எல்லாவற்றையும்விட வியப்பான சங்கதி 2007-ம் ஆண்டு வெளியாயிற்று. இதையும் கண்டுபிடித்தது இதே குழுதான்.

அவர்களிடம் சோதனைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரரின் "ஒய்" இழை, அதுவரை ஐரோப்பாவின் மேற்குப் பகுதியில் எவரிடமும் காணாத வகையாக இருந்தது. அது ஆப்பிரிக்கர்களுக்கே உரிய மிகப் பழைய வகை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அவருக்கோ தன் வம்சத்தில் ஆப்பிரிக்கர் இருந்ததாகத் துளியும் தெரியாது.

அவருடைய குடும்பப் பெயர் கிழக்கு யார்க்ஷயரைச் சேர்ந்தது, மிகவும் அபூர்வமானது. அதே பெயருள்ள 18 ஆண்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். ஏழு பேரிடம் அந்த ஆப்பிரிக்க இழை இருந்தது!

அப்படியானால் அவர்கள் ஏன் கறுப்பாக இல்லை? கணக்குப் போட்டால் விளங்கும். ஆப்பிரிக்கர் ஒருவர் வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கிறார். பிள்ளைக்கு ஆப்பிரிக்க ரத்தம் பாதி. பேரனுக்குக் கால். கொள்ளுப் பேரனுக்கு அரைக்கால். ஏழாவது தலைமுறையில் சுமார் 128-ல் ஒரு பங்கு. தோலின் நிறம் கரைந்துவிடுகிறது. "ஒய்" இழை மட்டும் பங்கு பிரியாமல், முழுசாக மகனுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

அந்த ஆப்பிரிக்கர் எப்போது வந்தார்? சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு, ரோமானியர்கள் இங்கிலாந்தை ஆண்டபோது, வட எல்லையில் உள்ள ஹேட்ரியன் சுவரை ஆப்பிரிக்கப் படை ஒன்று காவல் காத்தது. பிற்காலத்தில் அடிமை வியாபாரம் நடந்தது. 18-ம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் இங்கிலாந்தில் வேலைக்காரர்களாகவும் மாலுமிகளாகவும் இருந்தார்கள். இரண்டில் எந்த வழியாகவும் அவர் வந்திருக்கலாம்.

ஆராய்ச்சியாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். ஏழு பேரும் இரண்டு குடும்பங்களில் அடங்கினார்கள். இரண்டு குடும்பத்து மூதாதையரும் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் யார்க்ஷயரில் வாழ்ந்தவர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இரண்டு குடும்பங்களும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்று இழைகள் காட்டுகின்றன.

ஆனால் இரண்டையும் இணைக்கும் அந்தத் தந்தையின் பெயர் ஏடுகளில் அகப்படவில்லை.