உங்களுக்குத் தெரியுமா? நீலத் தலைக்கவசத்துக்குக் கொழும்பில் ஒரு சோதனை

இலங்கைப் படைவீரர் ஒருவர் நீலத் தலைக்கவசம் அணியும் ஐ.நா. அமைதிப் படையில் சேர இராணுவத்தின் சிபாரிசு மட்டும் போதாது. கொழும்பு பம்பலப்பிட்டியில் இயங்கும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவும் அவரது பின்னணியை ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும்!

● 2007: பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் ஹெயிட்டியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர்.

● 2012: அமைதிப் படைக்கு ஆள் அனுப்பும் நாடுகள், தாம் அனுப்புவோர் மனித உரிமை மீறலில் ஈடுபடாதவர்கள் என்று உறுதியளிக்க வேண்டும் என்பது ஐ.நா. கொள்கையானது.

● 2016: பாதுகாப்புச் சபையின் 2272ஆம் தீர்மானம் வந்தது. பாலியல் சுரண்டல் பரவலாக நடந்ததற்கு நம்பகமான சான்று இருந்தால், தனியாட்களை மட்டுமல்ல, முழுப் படைப்பிரிவையே திருப்பி அனுப்பலாம்.

● 2018: சோதனை முடியுமுன்பே இலங்கைப் படையினர் சிலர் லெபனானுக்கு அனுப்பப்பட்டது சர்ச்சையானது. அந்த ஆண்டின் இறுதியில் ஆணைக்குழு, அரசு, ஐ.நா. மூன்றும் சோதனை நடைமுறையை எழுத்தில் வகுத்தன.

● 2019: மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுக்கு உள்ளான சவேந்திர சில்வா இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டதும், அத்தியாவசியமற்ற பணிகளுக்கு இலங்கை இராணுவத்தினரை எடுப்பதை ஐ.நா. நிறுத்தியது.

அமைதி காக்கப் போகிறவரின் கை சுத்தமாக இருக்க வேண்டும். அதைக் கேட்பது பாதிக்கப்பட்ட மக்களின் உரிமை.