முற்றிய புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி ஊசி: கூடவே கசாயமும் குடிக்கலாமா?

"நோய் முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்வதற்கு இல்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் இரண்டு பேச்சுக் கிளம்பும். "இம்யூனோதெரபி என்று புது ஊசி வந்திருக்கிறதாமே!" என்பார் ஒருவர். "ஊருக்குக் கூட்டிப் போய் நாட்டு மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்பார் இன்னொருவர். திருநெல்வேலியில் இருந்து சித்தப்பா போனில் ஒரு வைத்தியரின் விலாசம் சொல்வார். சாலில் பக்கத்து ரூம்காரர் 'எதிர்ப்பு சக்தி' பொடி டப்பா ஒன்றைக் கொண்டு வந்து வைப்பார்.

ஊசியும் பொடியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாததால் உயிருக்கே ஆபத்து வருவது உண்டு.

பிரேக்கை விடுவிக்கும் மருந்து

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் 'டி' அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. நோய்க் கிருமியையும் கெட்டுப்போன அணுவையும் தேடிப் பிடித்து அழிப்பது அவற்றின் வேலை. அவை வெறி பிடித்தாற்போல் கிளம்பினால் சொந்த உடம்பையே தாக்கிவிடும். ஆகவே இயற்கை அவற்றுக்கு ஒரு பிரேக் வைத்திருக்கிறது.

புற்று அணு பொல்லாதது. அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. படை இருந்தும் பாயாது! இம்யூனோதெரபி ஊசிகளில் முக்கியமானவை அந்தப் பிடியை விடுவிக்கின்றன. சக்தியைக் கூட்டுவது அவற்றின் வேலை அல்ல. இந்த வழியைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியர் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எண்ணம் பழையதுதான். 1891-ல் நியூயார்க் டாக்டர் வில்லியம் கோலி, நோயாளியின் உடம்பில் கிருமியைச் செலுத்தி, எதிர்ப்பைத் தூண்டிப் பார்த்தார். சிறு வயதில் நம் கையில் குத்தித் தழும்பு விழுந்ததே, அந்த பி.சி.ஜி. மருந்தைக்கூட, ஆழமாகப் பரவாத மூத்திரப்பைப் புற்றுக்கு 1976 முதல் டாக்டர்கள் பயன்படுத்தி வருகிறார்கள்.

பரேலில் போட்ட கணக்கு

புது ஊசியின் விலைதான் யானை விலை. இந்த இடத்தில்தான் பரேல் டாடா ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள்.

'நிவோலுமாப்' என்ற மருந்தை வெளிநாட்டு முறைப்படி 2 வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம் ஏற்ற வேண்டும். டாடா டாக்டர்கள் 3 வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம் ஏற்றினார்கள். 6 வாரக் கணக்குப் போட்டால், அங்கே 720 மில்லிகிராம், இங்கே 40. அதாவது பதினெட்டில் ஒரு பங்கு!

வாய், தொண்டைப் பகுதிப் புற்று முற்றிப்போன 151 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். புகையிலை, குட்கா பழக்கத்தால் இங்கே அதிகம் வருகிற புற்று இது. ஒரு பிரிவுக்கு மாத்திரைகள் மட்டும். மற்றதற்கு அதே மாத்திரைகளுடன் இந்தச் சிறு அளவு ஊசி. ஓர் ஆண்டுக்குப் பிறகு, ஊசி இல்லாத பிரிவில் 100-க்கு 16 பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசி போட்ட பிரிவில் 100-க்கு 43 பேர். முடிவு 2022-ல் வெளியானது.

இது முழுக் குணம் அல்ல. அந்தப் பிரிவிலும் பாதிப் பேர் 10 மாதத்துக்கு மேல் தாண்டவில்லை. ஆனால் மகள் கல்யாணத்தைப் பார்க்கக் காத்திருக்கும் தகப்பனாருக்கு அந்த மாதங்களின் மதிப்பு வேறு.

எல்லாப் புற்றுக்கும் இந்த ஊசி கேட்காது. நுரையீரல், சிறுநீரகம், தோல் கரும்புற்று போன்ற சிலவற்றுக்கே நன்றாகக் கேட்கிறது. அதிலும் சிலருக்குத்தான். கட்டியின் துணுக்கைச் சோதித்துப் பார்த்த பிறகே டாக்டர்கள் முடிவு செய்வார்கள். பவாய் ஐ.ஐ.டி.யும் டாடா ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கி, 2024 ஏப்ரலில் ஜனாதிபதி தொடங்கி வைத்த 'நெக்ஸ்கார்-19' வேறு வகை. நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றுகிறார்கள். சில வகை ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்றுக்கு மட்டும்தான் அது. வெளிநாட்டுச் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்றாலும், கணக்கு லட்சங்களில்தான்!

கண் மஞ்சளானால் கீழாநெல்லியா?

பிரேக்கை விட்டால் வண்டி தடம் மாறவும் கூடும். டி அணுக்கள் குடலைத் தாக்கினால் வயிற்றுப்போக்கு. நுரையீரலைத் தாக்கினால் வறட்டு இருமல், மூச்சுத் திணறல். கல்லீரலைத் தாக்கினால் கண் மஞ்சளாகும். ஊசி நிறுத்திப் பல மாதம் கழித்தும் இவை வரலாம்.

நம் வீடுகளில் என்ன செய்வோம்? வயிற்றுப்போக்கு என்றால் "ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்போம். கண் மஞ்சள் என்றால் கீழாநெல்லி அரைப்போம். ஊசி போட்டவர் விஷயத்தில் அது கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பெரும்பாலும் அடக்கிவிடுவார்கள். ஒரு வாரம் தள்ளினால் உயிருக்கே வினையாகும்.

பொடி டப்பாவின் ஆபத்தும் இதுவே. கொரோனா காலத்தில் 'எதிர்ப்பு சக்தி' என்று சீந்தில் கொடியைத் தொடர்ந்து சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் கெட்டதை மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வழக்கு யார் பக்கம் தீர்ந்தாலும், புற்றுநோயாளிக்கு ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. கல்லீரல் கெட்டது ஊசியாலா, பொடியாலா என்று டாக்டருக்குத் தெரியாது. பலன் தந்து வந்த ஊசியையே நிறுத்த வேண்டி வரும்.

வேம்பு, மஞ்சள், சர்க்கரை, பால் விலக்கிய பத்தியத்தால் முற்றிய புற்று குணமானதாக 2024 நவம்பரில் ஒரு பிரமுகர் சொன்னபோது, டாடா ஆஸ்பத்திரியின் இந்நாள், முன்னாள் டாக்டர்கள் 262 பேர் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். மஞ்சளிலும் வேம்பிலும் ஆராய்ச்சி நடக்கிறது. மருந்தாகச் சிபாரிசு செய்யும் அளவுக்கு ஆதாரம் இன்னும் இல்லை என்றார்கள். ரசத்தில் போடும் மஞ்சளுக்கு யாரும் தடை சொல்லவில்லை!

கூடவே செய்யக் கூடியவை

அப்படியானால் ஊசிக்குத் துணையாக எதுவுமே இல்லையா? உண்டு. மெதுவான நடையும் எளிய யோகாசனமும் அசதியைக் குறைத்துத் தூக்கத்தைத் தருகின்றன. மூச்சுப் பயிற்சி மனப் பதற்றத்தை அடக்குகிறது. கஞ்சி, முட்டை, பருப்பு என்று இறங்குகிற எதையும் சாப்பிட்டு எடை குறையாமல் காப்பது பெரிய மருந்து. பத்தியம் இருந்து மெலிவது நோய்க்குத்தான் சாதகம்.

வலிக்கு மார்பின் மாத்திரை இருக்கிறது. "பழக்கமாகிவிடும்" என்று பயந்து அதை ஒளித்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை.

நாட்டு மருந்து ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது. டப்பாவையே எடுத்துப் போய் டாக்டர் மேஜையில் வைக்கலாம். ஊசி எழுதிக் கொடுத்தால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இந்தப் புற்றுக்கு இது கேட்கும் என்று சோதனை சொல்கிறதா? குறைந்த அளவில் போட முடியுமா? எத்தனை ஊசிக்குப் பிறகு பலனைப் பார்ப்பீர்கள்? நகையை அடகு வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

மருந்து எதுவும் கேட்காத நிலைக்கு வந்தவர்களுக்கு, பாந்திராவில் 1986-ல் தொடங்கிய சாந்தி அவேதனா சதன் இருக்கிறது. முற்றிய புற்றுநோயாளிகளை அங்கே கட்டணம் இல்லாமல் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஊரோடு போய்ச் சேர விரும்புகிறவர்களுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி சென்னையில் உள்ளது. புறப்படும் முன் பரேல் பைலின் நகலையும், கட்டித் துணுக்குச் சோதனை ரிப்போர்ட்டையும் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.